எங்கள் வீட்டில் ஈர்ப்பு குறைவு

‘உங்கள் வேகத்தில், உங்கள் வீட்டில், உங்கள் விருப்பம்போல’ என்று அந்தப் படிப்புக்கு விளம்பரம் போட்டிருந்தார்கள். மூன்றும் பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் பிடித்தது. நான் மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவள், அவ்வளவுதான்.

என் பெயர் மட்டுவார்குழலி. பிறந்தது மலைக்கோட்டை அடிவாரத்தில், வாக்கப்பட்டது ஸ்ரீரங்கத்தில், வேலை இரண்டுக்கும் நடுவே திருவானைக்காவலில். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். மீட்டர் பிரிட்ஜுக்கு ஒயர் மாட்டுவேன், ஊசல் கட்டுவேன், ப்ரிஸத்தை உடைத்தது யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். போன தை மாதம் நிர்வாகம் கூப்பிட்டு, ஜூன் முதல் தேதியிலிருந்து பட்டம் இல்லாதவர்களுக்கு ஆய்வகத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. தாளாளரின் மச்சான் மகன் பட்டத்தோடு தயாராக இருக்கிறான் என்பதைச் சொல்லவில்லை. அது ஊருக்கே தெரியும்.

எனக்குப் பட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. அஞ்சல் வழியில் படித்த பி.எஸ்ஸி.யில் இயற்பியல் தாள் மட்டும் பாக்கி. நான்கு கிரெடிட். கே.கே. நகரில் இருக்கும் ‘பொன்னிவளம் தன்வேகக் கல்வி மையம்’ நடத்தும் ஆன்லைன் படிப்பில் அந்த நான்கையும் வாங்கிக் காட்டினால் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளும். மே முப்பத்தொன்றுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் துவாக்குடியில் ஒரு ஷெட்டில் வெல்டர். ஆர்டர் இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்குவார். அதனால் என் சம்பளம் வேண்டும். ஆனால் அது மட்டும் இல்லை. அந்த ஆய்வகத்தை விட்டால் எனக்கு இந்த உலகத்தில் வேறு எங்கேயும் கை நடுங்காமல் நிற்கத் தெரியாது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

முதல் பாடம் ‘இயக்கம்’. வீடியோ நாற்பத்தேழு நிமிஷம். திறந்தவுடன் குத்துவிளக்கு. ஐந்து முகத்துக்கு ஐந்து பிரமுகர்கள் மெழுகுவத்தியோடு வந்தார்கள். மூன்றாமவர் வத்தி காற்றில் அணைந்து, தீப்பெட்டி தேடி, கிடைத்து, ஏற்றி, கை தட்டினார்கள். அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. சிறப்பு விருந்தினர் தான் பள்ளியில் இயற்பியலில் இரண்டு தடவை பெயிலானதைப் பெருமையாகச் சொன்னார். முப்பத்து நான்காவது நிமிஷத்தில் ஒரு வாத்தியார் தயங்கித் தயங்கி வந்து, தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் என்றார். ஆறு நிமிஷம் நன்றாகவே சொன்னார், பாவம். நேரம் கருதி அவரை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மிச்சமெல்லாம் நன்றியுரை.

நான் விளக்கையும் பொன்னாடையையும் தள்ளிவிட்டு அந்த ஆறு நிமிஷத்தை மட்டும் பார்த்தேன். உங்கள் விருப்பம்போல என்றார்களே. பாட முடிவில் பத்துக் கேள்வி. எனக்கு மூன்று மதிப்பெண். மிச்ச ஏழும் விழாவிலிருந்து கேட்கப்பட்டவை. ‘சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியவர் யார்?’ என்று ஒரு கேள்வி. ‘விளக்கின் மூன்றாம் முகம் எத்தனையாவது முயற்சியில் ஏற்றப்பட்டது?’ என்று இன்னொன்று. மறுநாள் காலையில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது. ‘அதிவேக எச்சரிக்கை: நீங்கள் அனுமதிக்கப்படாத வேகத்தில் படித்துள்ளீர்கள். நேரில் வந்து விளக்கமளிக்கவும்.’ பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கே.கே. நகர் மையத்தில் உதவி மேசைக்குப் பின்னால் சம்ரீன் என்று ஒரு பெண் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“பயப்படாதீங்கக்கா. வேகமா படிச்சவங்க எல்லாரும் இப்படித்தான் வருவாங்க. மெதுவா படிச்சவங்களுக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்கோம்.”

ஒருங்கிணைப்பாளர் முனைவர் சேதுராமன் அறையில் ஒரு பெரிய குத்துவிளக்கு நின்றது. வீடியோவில் பார்த்த அதே விளக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலீஸ் ஸ்டேஷனில் லத்தியைப் பார்த்த மாதிரி இருந்தது.

“தன்வேகம்னா என்னம்மா?” என்றார்.

“நம்ம வேகத்துல படிக்கிறது சார்.”

“அதான் எல்லாரும் தப்பா நினைக்கிறீங்க. உங்க வேகம் என்னன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? உங்க பி.பி.யை நீங்களே கையைப் பிடிச்சுப் பார்த்துச் சொல்லிடுவீங்களா? அதுக்கு டாக்டர் வேணும்ல? உங்க வேகத்தை நாங்க நிர்ணயிப்போம். அப்புறம் அதுல நீங்க முழு சுதந்திரமா போகலாம். யாரும் கேட்க மாட்டாங்க.”

“பாடம் ஆறு நிமிஷம்தான் சார் இருந்துது. அதான்…”

“பாடத்தை யாரும்மா கேட்டா? பாடம் புஸ்தகத்துல இருக்கு, அஞ்சு வருஷமா அங்கேயே இருக்கு, எவனாவது தொட்டானா? நாங்க குடுக்கிறது கல்வி. கல்வின்னா ஒரு மரியாதை. ஒரு பிரமுகர் அவர் வேலையை விட்டுட்டு வந்து விளக்கு ஏத்துறாரு, நீங்க விரலால தள்ளிவிட்டுட்டுப் போறீங்க. நாளைக்கு நியூட்டன் வந்தாலும் தள்ளிவிட்டுடுவீங்களா?”

“மாட்டேன் சார்” என்றேன். உண்மையில் மாட்டேன்.

வாரத்துக்கு ஒன்றே கால் பாடம் என்று என் வேகத்தை நிர்ணயித்து முத்திரை குத்திக் கொடுத்தார். அதற்கு மேலே போனால் அவசரம், கீழே போனால் அலட்சியம். மொத்தம் பதினாறு பாடம். விரலை மடக்கிப் பார்த்தேன். மே மாதம் முதல் வாரத்தில் முடியும். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா பஸ் ஸ்ரீரங்கம் வருவதற்குள் போய்விட்டது, ஏனென்றால் அடுத்த செய்தி வந்திருந்தது. இனி நான் படிக்கும்போது ‘நேர்மைக் கண்’ ஓட வேண்டும்.

நேர்மைக் கண் என்பது லேப்டாப் கேமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள். நான்கு விநாடிக்கு மேல் திரையை விட்டுக் கண்ணை எடுத்தால் கவனச் சிதறல். உதடு அசைந்தால் உரையாடல். யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாம் என் சொந்தச் சரக்கு என்று பாடத்துக்கு இரண்டு முறை உறுதிமொழிப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். கடைசித் தெருவில் உறுமி மேளம் போனால் ‘சந்தேகத்துக்குரிய பின்னணிக் குரல்’. ஸ்ரீரங்கத்தில் மேளம் போகாத நாளை எங்கே போய்த் தேடுவது? நான் தும்மலை அடக்கப் பழகினேன். கொசு கடித்தால் கடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ரெங்கராஜ் வெளியே படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ரசத்தை உறிஞ்சும் சத்தம் ஒரு தடவை பதிவாகிவிட்டது.

நான்காவது பாடத்தின் நடுவில் திரை சிவந்தது. ‘அறையில் மற்றொரு நபர் படுத்த நிலையில் உள்ளார். அவர் விடை சொல்லக்கூடும். அவர் இருப்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை.’

வீட்டில் யாரும் இல்லை. கதவு தாழ் போட்டிருந்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் அரிசி மண்டிக் காலண்டர். அதில் ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதர், தலைக்குக் கை கொடுத்தபடி.

‘ஆம்’ என்று அழுத்தினால் படிப்பு ரத்து. ‘இல்லை’ என்று அழுத்தினால் பெருமாள் இல்லை என்று நான் எழுத்துமூலமாகச் சொன்னதாகும். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு! இரண்டையும் அழுத்தாமல் உதவி மேசைக்குப் போன் போட்டேன். சம்ரீன் வீடியோவில் சேதுராமனைப் பிடித்துக் கொடுத்தாள். நான் காலண்டரைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ரெங்கா, ரெங்கா! காலையில நல்ல தரிசனம்மா. ரொம்ப சந்தோஷம்.” ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். “ஆனா பாருங்க, படிக்கிற நேரத்துல கூட இருந்தது தப்புதானே? கண்ணு ஒருத்தர்னு சொல்லிடுச்சு. நான் பெருமாள்னு சொன்னா சிஸ்டம் ஆதார் கேக்கும். கழட்டி வெச்சிடுங்க.”

கழற்றினேன். பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்து, “நாலு கிரெடிட்டுக்காக பெருமாளே, கோச்சுக்காதே” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. தினமும் அந்த வெள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். மனசு அடித்துக்கொள்ளும்.

பதினாறு பாடமும் முடிந்தன. எல்லாப் பொன்னாடையும் பார்த்தேன். மெழுகுவத்திகளை எண்ணினேன். வினாடிவினாவில் பத்துக்குப் பத்து வாங்க ஆரம்பித்தேன். மிச்சமிருந்தது ஒரே ஒரு செய்முறை: வீட்டிலேயே தனி ஊசல் கட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாகப் பயம் இல்லை. ஊசல் எனக்கு உப்புப் புளி மாதிரி.

எங்கள் ஆய்வகத்தில் ஊசல் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் முதலில் விடையை எழுதிவிடுவார்கள். 9.8. அங்கேயிருந்து பின்பக்கமாக நடந்து வந்து, அந்த விடை வருவதற்கு எத்தனை விநாடி ஆக வேண்டுமோ அதை ரெக்கார்டு நோட்டில் நிரப்புவார்கள். ரீடிங் குக் பண்றது என்று அதற்குப் பேர். ஊசல் பாட்டுக்கு ஒரு மூலையில் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். வாத்தியார்களுக்குத் தெரியும், வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாரும் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு ஒழுங்காக அளந்து பார்ப்பேன். அது ஒரு ருசி. ஒன்பது வருஷமும் எனக்கு ஒரே விடைதான் வந்திருக்கிறது. 9.78.

வீட்டுச் சொந்தக்காரர் மகாலட்சுமி மாமி சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னவர். அதனால் ரெங்கராஜ் ஷெட்டிலிருந்த ஆங்கிள் கம்பியில் ஒரு ஸ்டாண்டு வெல்டு பண்ணிக் கொண்டுவந்தார். துவாக்குடி பஸ்ஸில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்ததில் கண்டக்டருக்கும் அவருக்கும் சண்டை. யானை நின்றாலும் ஆடாத ஸ்டாண்டு. ஃபேனை நிறுத்தி, மே மாத வெயிலில் ஜன்னலையும் சாத்தி, சரியாக ஒரு மீட்டர் நூலில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டேன். இருநூறு அலைவுக்கு ஆறு நிமிஷம் நாற்பத்தொன்று புள்ளி எட்டு விநாடி. ஐந்து முறை எண்ணினேன். வேர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. 9.78 என்று எழுதி அனுப்பினேன்.

வீடியோவில் வந்த அந்த வாத்தியாரே ஒன்பதாம் பாடத்தில், பொன்னாடைக்கும் நன்றியுரைக்கும் நடுவில், நிலநடுக்கோட்டுப் பக்கம் வரவர இது குறையும், திருச்சியில் ஏறக்குறைய 9.78 என்று சொல்லியிருந்தார். ஆகவே தைரியமாக இருந்தேன்.

மே பத்தொன்பதாம் தேதி நோட்டீஸ் வந்தது. ‘தங்கள் இல்லத்தில் புவியீர்ப்பு முடுக்கம் மையத்தின் விடையான 9.81-ஐ விடக் குறைவாக இருப்பதாகத் தெரிவித்துள்ளீர்கள். இக்குறைபாடு உண்மையெனில் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்துடன் வரவும். உண்மை இல்லையெனில் இது முறைகேடாகக் கருதப்பட்டு மூன்றாண்டு தடை விதிக்கப்படும். விசாரணை: மே 28.’

மூன்று ஆண்டு. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரெங்கராஜ் நோட்டீஸை வாங்கிப் படித்தார். ஸ்டாண்டைப் பார்த்தார்.

“வெல்டிங்ல எதுவும் கோளாறு இருக்குமோ?” என்றார் மெதுவாக.

“இல்லீங்க.”

“பேசாம அந்த 9.81ஐயே போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?”

போட்டிருக்கலாம். அதை நினைத்து நினைத்துத்தான் அழுதேன்.

மறுநாள் மாமியிடம் போனேன். மாமி புளியை உருட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

“ஈர்ப்பு கொறச்சலா? எங்காத்துலயா?”

“கொஞ்சம்தான் மாமி. புள்ளி பூஜ்யம் மூணு.”

“தண்ணி கொறச்சல்னேள், மோட்டார் மாத்திக் குடுத்தேன். வெளிச்சம் கொறச்சல்னேள், ட்யூப்லைட் போட்டேன். இப்போ இது வேறயா? இதை எந்தக் கடையில போய் நான் வாங்கிண்டு வர்றது?”

“ஒரு லெட்டர் மட்டும் குடுத்தா போதும் மாமி.”

“நன்னா இருக்கே! ஈர்ப்பு இல்லேன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு இந்தப் போர்ஷனுக்கு யார் குடிவருவா? நாலு தலைமுறையா பெருமாள் கடாட்சத்துல இருக்கற வீடு இது. வேணும்னா ‘ஈர்ப்பு போதுமான அளவு உள்ளது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

போட்டும் கொடுத்துவிட்டார். என்னை முறைகேடுக்காரி என்று நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அடுத்த எட்டு நாளும் சோறு இறங்கவில்லை. பள்ளியில் தாளாளரின் மச்சான் மகன் வந்து ஆய்வகத்தின் ஜன்னல் திரைச்சீலைக்கு அளவு எடுத்துக்கொண்டு போனான்.

மே இருபத்தெட்டு. ரெங்கராஜ் ஸ்டாண்டை ஆட்டோவில் ஏற்றி மையத்து வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டு, “வெளியிலதான் இருக்கேன்” என்றார். அவருக்கும் வாய் உலர்ந்திருந்தது.

உள்ளே மூன்று பேர். சேதுராமன். தரமேம்பாட்டு இயக்குநர் உமாமகேஸ்வரி அம்மா. தேர்வு நேர்மை அலுவலர் ஜெபராஜ். நேர்மைக் கண்ணுக்கு விதிகள் எழுதியவர் இந்த ஜெபராஜ்தான் என்று சம்ரீன் காதில் சொல்லிவிட்டுப் போனாள். விசாரணைக்கும் குத்துவிளக்கு ஏற்றினார்கள். சுடர் அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்தினார்கள். என் ஊசலுக்கு அது நல்லதாகப் போயிற்று.

“எங்க முன்னாடியே செஞ்சு காட்டுங்க” என்றார் ஜெபராஜ். “விதி பதினொண்ணு. செய்முறைன்னா கண்ணு ஓடணும். லேப்டாப்பை இப்படித் திருப்பி வைங்க.”

நான் கொண்டுபோயிருந்த லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். நூலைக் கட்டினேன். கை நடுங்கிய நடுக்கத்தில் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. குண்டைத் தொட்டதும் நடுக்கம் நின்றது. எப்படியென்று எனக்குத் தெரியாது, எப்போதும் அப்படித்தான். விட்டேன். எண்ணினேன். இருநூறாவது அலைவுக்கு ஜெபராஜின் சொந்த ஸ்டாப் வாட்சே ஆறு நிமிஷம் நாற்பத்தொன்று புள்ளி எட்டு காட்டியது. உமாமகேஸ்வரி அம்மா கால்குலேட்டரில் அவரே போட்டுப் பார்த்தார். 9.78.

விளக்கில் எண்ணெய் இழுக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ நம்ம ஆபீஸ்லயும் குறைவா?” என்றார் உமாமகேஸ்வரி அம்மா.

“மேடம், அடுத்த மாசம் தரக்குழு வர்றாங்க” என்றார் ஜெபராஜ். “பார்க்கிங், லைப்ரரி, டாய்லெட் எல்லாம் சரி பண்ணியாச்சு. ஈர்ப்பு லிஸ்ட்லயே இல்ல மேடம்.”

சேதுராமன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, வருத்தம் இருந்தது.

“முன்னூத்திப் பன்னெண்டு பேரும்மா. இதுவரைக்கும் முன்னூத்திப் பன்னெண்டு பேர் 9.81 போட்டுப் பாஸ் பண்ணியிருக்காங்க. மணப்பாறையிலேருந்து போட்டாங்க, லால்குடியிலேருந்து போட்டாங்க. அவங்க வீட்டுல எல்லாம் இருந்துது. ஒருத்தர்கூட குறை சொல்லலை. நீங்க வந்தீங்க, எங்க ஆபீஸையும் சேர்த்துக் கெடுத்துட்டீங்க.”

“சார், ஒன்பதாம் பாடத்துல அந்த வாத்தியாரே…”

“அவர் பேசினதை எல்லாம் யாரும்மா கேட்டது! நான் சொல்றேன் கேளுங்க. 9.81னு போடுங்க. இப்பவே கிரெடிட். நாளைக்குப் பட்டத்துக்கு எழுதிப் போடலாம்.”

“போட்டுடுங்கம்மா” என்றார் உமாமகேஸ்வரி அம்மா. “குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“ஒன்பது புள்ளி எட்டு ஒண்ணு” என்றார் ஜெபராஜ், எனக்குக் காது கேட்காது என்பதுபோல் சத்தமாக.

போட்டிருப்பேன். மறைக்க என்ன இருக்கிறது? மூன்று ஆண்டு தடை, போகப்போகும் வேலை, வாசலில் வாய் உலர்ந்து நிற்கும் மனிதர், எல்லாம் கண் முன்னால் வந்தது. ஒன்பது அடித்தேன். புள்ளி. எட்டு. அடுத்த விரலை ‘ஒன்று’க்குக் கொண்டுபோனபோது திரையின் கீழே அந்த உறுதிமொழி வந்தது. ‘இந்த விடையை எனக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை.’ நான்கு மாதத்தில் அதை முப்பது தடவைக்கு மேல் டிக் அடித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் உண்மையாகத்தான் அடித்தேன். எனக்கு இந்த மூன்று பேரிடமும் பயம்தான். ஆனால் அந்தப் பெட்டியிடம் அதைவிடப் பயம்.

“சார்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “இதை டிக் பண்ணச் சொல்லுது. நீங்க மூணு பேரும் சொல்லிட்டீங்களே. கண்ணு பார்த்துக்கிட்டு இருக்கே சார்?”

மூவரும் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அதே நேரத்தில் திரை சிவந்தது.

‘அறையில் கூடுதலாக மூன்று நபர்கள் உள்ளனர். விடை சொல்லித் தரப்படுகிறது. சொல்லப்பட்ட விடை: 9.81. குரல்கள் மையப் பணியாளர்களுடையவை என அடையாளம் காணப்பட்டன. பதிவு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டது.’

உமாமகேஸ்வரி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சேதுராமன் குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டார். நான்கு மாதமாக என் முகத்தில் இருந்தது அப்படியே இடம் மாறி அவர்கள் முகத்தில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

“ஜெபராஜ், இதை அழிங்க.”

“அழிக்க முடியாது சார். விதி நாலு. நான்தான் எழுதினேன்.”

“இதுக்கு என்ன தண்டனை?”

“மையத்து ஆளுங்க விடை சொல்லிக் குடுத்தா மையத்தோட அங்கீகாரம் ரத்து. விதி பதினேழு.” ஜெபராஜ் ஸ்டாப் வாட்சைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “அதுவும் நான்தான் சார்.”

“வேற வழியே இல்லையா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு. சொல்லிக் குடுத்த விடையும் மாணவி எழுதின விடையும் வேற வேறன்னா, உதவி நடக்கலைன்னு அர்த்தம்.”

மூன்று தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. என் விரல் இன்னும் ‘ஒன்று’க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.

“அம்மா, கையை எடுங்கம்மா!” என்று அலறினார் சேதுராமன். “அதைத் தொட்டுடாதீங்க. உங்களுக்கு என்ன வந்துதோ அதையே போடுங்க. ஏழு எட்டு. எழுபத்தெட்டு!”

“சார், சொல்லிக் குடுக்காதீங்க!” என்று அவர் வாயைப் பொத்தினார் ஜெபராஜ்.

நான் 9.78 என்று அடித்தேன். டிக் அடித்தேன். சேதுராமன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்து நின்று கும்பிட்டார். மேடையில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது.

“அனைவருக்கும் வணக்கம். எங்கள் மையத்தில் மாணவர்களின் நேர்மையைச் சோதிப்பதற்காக, அதிகாரிகள் வேண்டுமென்றே தவறான விடையைச் சொல்வது வழக்கம். 9.81 என்பது தவறு என்பது எங்கள் மையத்தில் சிறு குழந்தைக்கும் தெரியும். இந்த மாணவி அந்தச் சோதனையில் வென்றார். திருச்சியில் ஈர்ப்பு 9.78. அது என்றும் அப்படித்தான் இருந்து வந்திருக்கிறது. நன்றி.”

உமாமகேஸ்வரி அம்மா பழக்க தோஷத்தில் கை தட்டினார். உடனே ஒரு பொன்னாடையை எடுத்து வந்து என்மேல் போர்த்தினார்கள். யார் போர்த்தியது என்பதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன், கேட்டாலும் கேட்பார்கள்.

மறுநாள் மே இருபத்தொன்பது, அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ‘அதிக ஈர்ப்பு எச்சரிக்கை’ போயிருக்கிறது. தங்கள் வீடுகளில் ஈர்ப்பு ஏன் கூடுதலாக இருந்தது என்று உரிமையாளர் கடிதத்துடன் நேரில் விளக்க வேண்டுமாம். சம்ரீன் போனில் சொன்னாள். மணப்பாறையில் யாரோ ஒரு பெண் இப்போது தரையில் உட்கார்ந்துவிட்டிருப்பாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணிடம் என் ஸ்டாண்டை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளச் சொல் என்று சம்ரீனிடம் சொன்னேன்.

முப்பதாம் தேதி காலையில் பீரோவைத் திறந்து காலண்டரை எடுத்தேன். பட்டுப் புடவையின் பாச்சை உருண்டை வாசனை பெருமாள்மேல் ஏறியிருந்தது. வெள்ளையாக இருந்த இடத்தில் மாட்டினேன். பிறகு கிரெடிட் சான்றிதழை இறக்குவதற்கு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். அதற்கும் கடைசி ஒரு தடவை முகத்தைக் காட்ட வேண்டும் என்றது நேர்மைக் கண்.

காட்டினேன். திரை சிவந்தது.

‘அறையில் மற்றொரு நபர் படுத்த நிலையில் உள்ளார். அவர் இருப்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை.’

ரெங்கராஜ் படியிலிருந்து தட்டோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “கழட்டிடட்டுமா?” என்று கேட்டார். சான்றிதழ் இன்னும் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் காட்ட ஒரே ஒரு நாள்தான் பாக்கி. பயம் போகவில்லை, எனக்கு அது போகாது.

“வேணாங்க. அவரு இருக்கட்டும். நீங்களும் உள்ள வந்து உக்காந்து சாப்பிடுங்க.”

அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசத்தைச் சத்தமாக உறிஞ்சினார். நான் நடுங்குகிற விரலால் ‘ஆம்’ என்று அழுத்தினேன்.